ஓவர்கிளாக் பண்ணப் போறியா? முதல்ல சூட்டைக் கவனி!

பயோஸுக்குள்ள போய் நம்பரை ஏத்துறதுக்கு முன்னாடி, அக்கா சொல்றதை ஒரு தடவை முழுசாக் கேளு. பிராசஸரை வேகமா ஓட்டுறது பெரிய வித்தை இல்ல, ரெண்டு எண்ணை மாத்தினாலே ஓடும். அதுல கிளம்புற சூட்டை வெறும் ஃபேன் காத்தை வெச்சே வெளியே தள்ளணுமே, அதுதான் வேலை. அதை விட்டுட்டு வேகத்தை மட்டும் பிடிச்சவங்க மே மாசம் வந்ததும் புலம்புவாங்க. உனக்கு நேரம் கம்மின்னு தெரியும், அதனால தேவையானதை மட்டும் சொல்றேன்.

1. உன் சாமான் ஒத்துக்குமான்னு பாரு

இன்டெல்லா? பேர்ல எண்ணுக்கு அடுத்து 'கே' இருக்கணும், போர்டு இசட் வரிசையா இருக்கணும். பி660, பி760 போர்டுல ரேம் வேகத்தை ஏத்தலாம், பிராசஸரை ஏத்த முடியாது. ஏஎம்டி ரைசன்ல பெரும்பாலும் பூட்டு கிடையாது. ஆனா ஏ520, ஏ620 போர்டு வாங்கினா இந்த வேலைக்கு ஆகாது. பி550, பி650 போதும். 5800எக்ஸ்3டி வெச்சிருக்கியா? அதுல ஓவர்கிளாக்கையே ஏஎம்டி பூட்டித்தான் கொடுத்துச்சு. விட்டுடு.

இன்னொண்ணு. கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல வேலை செய்யுதுன்னா, பிராசஸரை ஏத்தி ஒரு ஃபிரேம்கூடக் கூடாது. வீடியோ எக்ஸ்போர்ட், பிளெண்டர் ரெண்டரிங், கோடு கம்பைல் பண்றவங்களுக்குத்தான் பலன் கண்ணுல தெரியும். இப்போ வர்ற பிராசஸர் எல்லாம் கம்பெனியிலேயே கிட்டத்தட்ட எல்லை வரைக்கும் ஏத்தித்தான் வருது. 1998-ல 300 மெகாஹெர்ட்ஸ் செலரானை 450-ல ஓட்டின காலம் வேற. இன்னைக்கு 3 முதல் 5 சதவீதம் கிடைச்சா சந்தோஷப்படு.

2. வோல்ட்டேஜ் கணக்கைப் புரிஞ்சுக்க

இது ஒண்ணு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. வேகம் கூடினா சூடு அதே அளவுதான் கூடும். வோல்ட்டேஜ் கூடினா சூடு அதோட வர்க்கத்துல கூடும்.

போட்டுப் பாரு: 4.5 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்ல ஓடுற பிராசஸரை 4.7-க்கு ஏத்துறே. அது தள்ளாடுதுன்னு 1.35 வோல்ட் கொடுக்கிறே. வேகம் கூடினது சுமார் 4 சதவீதம். சூடு கூடினது சுமார் 22 சதவீதம். நாலு சதவீதத்துக்காக உன் கூலர் அத்தனை சூட்டைச் சுமக்கணுமா? கசிவு மின்சாரம் இந்தக் கணக்குல சேரவே இல்ல, சிப் சூடாக ஆக அதுவும் ஏறும்.

அதனால அக்காவோட வழி இதுதான்: காத்துல குளிர வைக்கிறவங்க முதல்ல வோல்ட்டேஜைக் குறைக்கணும், மிச்சமாகிற சூட்டு இடைவெளியில வேகத்தை ஏத்தணும். எல்லாரும் தலைகீழாப் பண்றாங்க.

3. ரூம் சூட்டைக் கூட்டிக்க

ரிவ்யூவுல 72 டிகிரின்னு காட்டினாங்கன்னு நம்பி உட்காராதே. அவங்க ரூம் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி. கத்திரி வெயில்ல ஏசி இல்லாத உன் ரூம் 37. கூலரால ரூம் சூட்டுக்குக் கீழே இறக்கவே முடியாது. ரூம் ஒரு டிகிரி ஏறினா பிராசஸரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். ஆக அவங்க 72 உனக்கு 84-க்கு மேல.

ராத்திரி ஏசி போட்டு டெஸ்ட் பண்ணிட்டு 'பாஸ்'னு சொல்லிக்காதே. மத்தியானம் ரெண்டு, மூணு மணிக்கு, வெறும் சீலிங் ஃபேன்ல டெஸ்ட் பண்ணு. அதுல நின்னாத்தான் நின்னதா அர்த்தம்.

4. கேபினெட்டை அலமாரியை விட்டு வெளியே எடு

கம்ப்யூட்டர் டேபிள்ல பக்கவாட்டுல ஒரு பொந்து வெச்சிருப்பான், மூணு பக்கமும் பலகை. அதுக்குள்ள தள்ளிட்டு, பல ஆயிரம் கொடுத்து கூலர் வாங்குவே. பின்னாடி விட்ட சூட்டுக் காத்தையே முன்னாடி திரும்ப இழுக்கும். வெளியே எடு, பின்பக்கம் சுவரோட ஒட்டாம ஒரு சாண் இடம் விடு.

காசு செலவில்லாத ஒரு டெஸ்ட் சொல்றேன். லோடு கொடுத்து பத்து நிமிஷம் ஓட்டி டெம்பரேச்சரைக் குறிச்சுக்க. பக்கவாட்டுக் கதவைக் கழட்டி மறுபடி ஓட்டு. அஞ்சு டிகிரிக்கு மேல இறங்கினா கூலர்ல குத்தமில்ல, கேபினெட்டுக்குள்ள காத்து ஓட்டம் சரியில்ல. முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ளே இழுக்கணும், பின்னாடி ஒண்ணு வெளியே தள்ளணும். நிறைய ஃபேன்ல ஸ்டிக்கரும் குறுக்குக் கம்பியும் இருக்கிற பக்கம்தான் காத்து வெளியே வரும். மாட்டுறதுக்கு முன்னாடி பாரு, மாட்டினப்புறம் டிஷ்யூ பேப்பரைக் காட்டிப் பாரு.

பின்பக்க ஃபேனை மட்டும் மிச்சம் பிடிக்காதே. பிராசஸரோட வர்ற சின்னக் கூலர் கீழ்நோக்கி ஊதும், அதனால பக்கத்துல இருந்து பிராசஸருக்கு வோல்ட்டேஜ் கொடுக்கிற விஆர்எம்முக்கும் காத்து கிடைக்கும். டவர் கூலர் பக்கவாட்டுல ஊதும், விஆர்எம் பட்டினி. அதைக் காப்பாத்துறது பின் ஃபேன்தான்.

5. கூலர் மாட்டுறதுல அவசரம் வேண்டாம்

- வாங்குறதுக்கு முன்னாடி உயரம் பாரு. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மில்லிமீட்டர், நாக்டுவா என்எச்-டி15 165 மில்லிமீட்டர். உன் கேபினெட் எவ்வளவு இடம் தருதுன்னு அதோட பெட்டியிலேயே போட்டிருப்பான். கதவு மூடாம நிக்கிறவங்களை எவ்வளவு பேர் பார்த்தாச்சு!
- ரைசன் 5 5600எக்ஸுக்கு நாலு ஹீட்பைப் இருக்கிற ஒத்தை டவர் தாராளம். 12600கே மாதிரி 150 வாட்டைத் தொடுறதுக்கு ரெட்டை டவர் எடு.
- கூலர் அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை உரி. சிரிக்காதே, உரிக்காமலே மாட்டிட்டு 'ஆன் பண்ணதும் 95 டிகிரி'ன்னு ஓடி வர்றாங்க.
- பேஸ்ட் நடுவுல பட்டாணி அளவு. நீள்சதுரமான இன்டெல் சிப்னா குறுக்கா மெல்லிசா ஒரு பெருக்கல் குறி. கத்தரிக்கோல் நுனியால தடவிக்கிட்டு இருக்காதே, அழுத்தத்துல தானாப் பரவும்.
- பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடை. நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம், சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். ரெண்டுமே படலம் விடும்.
- ஸ்க்ரூவை ஒரு பக்கம் முழுசா முடுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாதே. இதுல ரெண்டு சுத்து, எதிர்ல ரெண்டு சுத்து.

ஏஎம்4 போர்டுல பழைய கூலரைக் கழட்டும்போது மட்டும் மூச்சைப் பிடிச்சுக்க. அதுல பின் எல்லாம் பிராசஸர் அடியில இருக்கு. பேஸ்ட் காய்ஞ்சு கெட்டியாயிருந்தா, கூலரை நேரா இழுத்ததும் சாக்கெட் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கிட்டு வந்துடும், ஓரத்து பின் வளைஞ்சிருக்கும். அதனால அஞ்சு நிமிஷம் ஏதாவது லோடு கொடுத்து சூடாக்கி, ஆஃப் பண்ணி பிளக்கை எடுத்துட்டு, கிளிப்பை விடுவி. கூலரை இடமும் வலமும் மெதுவாத் திருகு. வழுக்குற மாதிரி கைக்குத் தெரிஞ்சப்புறம் தூக்கு.

6. தொடங்குறதுக்கு முன்னாடி

முக்கியமான ஃபைலை வெளி டிஸ்க்ல காப்பி எடு. நிலையில்லாத பிராசஸர் கணக்கைத் தப்பாப் போட்டா அந்தத் தப்பு உன் ஃபைலுக்குள்ளேயும் போய் உட்காரும். அடுத்து பயோஸை அப்டேட் பண்ணு, யுபிஎஸ் இல்லாம அதைத் தொடாதே. நடுவுல கரன்ட் போனா போர்டே எழுந்திரிக்காமப் போகலாம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த பயோஸ் அப்டேட் கட்டாயம். அதுல வோல்ட்டேஜ் அளவுக்கு மீறிப் போய் சிப்பே கெட்டுப் போன பிரச்சினை 2024-ல வெளிய வந்துச்சு. இன்டெல் ஆகஸ்ட், செப்டம்பர்ல மைக்ரோகோட் திருத்தம் விட்டு, வாரன்ட்டியையும் 2 வருஷம் நீட்டிச்சது. அந்தத் திருத்தம் இல்லாத பயோஸ்ல ஓவர்கிளாக் பண்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

பயோஸ்ல ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோன்ல படம் எடுத்து வை. அப்புறம் சூடு, வோல்ட் காட்டுற ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளைத் திறந்து வெச்சு, எதையும் மாத்தாம சினிபெஞ்ச்ங்கிற லோடு டெஸ்ட்டைப் பத்து நிமிஷம் ஓட்டி ஸ்கோர், டெம்பரேச்சர், வாட் மூணையும் எழுதிக்க. இது இல்லாம நீ ஏத்தினியா இறக்கினியான்னே தெரியாது.

7. ரைசன்காரங்களுக்கு

5600எக்ஸையே எடுத்துக்க. பெட்டியிலிருந்து வரும்போது ஒரு கோர் 4.6 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் தானாப் போகும், மொத்த பவர் எல்லை 76 வாட். இதுல எல்லாக் கோரையும் 4.5-ல கட்டிப் போட்டா அந்த 4.6 போச்சு, சின்ன வேலைகள் மெதுவாகும். அதனால பவர் எல்லையைத் தளர்த்துற பிபிஓவை ஆன் பண்ணு, வோல்ட்டேஜைக் குறைக்கிற கர்வ் ஆப்டிமைசர்ல எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 கொடு. ஒரு நாள் சாதாரணமா வேலை செஞ்சு பாரு. நின்னா 15, அப்புறம் 20. பவர் எல்லையை போர்டு கையில விடாதே, நீயே 90 வாட் மாதிரி போடு.

ஹெச்டபிள்யூ இன்ஃபோல சும்மா இருக்கும்போது 1.45 வோல்ட் காட்டும். பதறாதே. ஒரே கோர் கொஞ்சமா கரன்ட் எடுத்து ஓடுறப்போ அது சகஜம். 'அதான் ஆட்டோவே 1.45 கொடுக்குதே'ன்னு அதையே எல்லாக் கோருக்கும் நிரந்தரமாப் போடுறவங்கதான் சிப்பைக் கெடுக்கிறாங்க. கையால கொடுத்தா 1.3-ஐத் தாண்டாதே.

ரைசன் 7000-ல வேற கதை. 95 டிகிரி வரைக்கும் போய் அங்கேயே ஓடுற மாதிரிதான் வடிவமைச்சிருக்காங்க. 7600எக்ஸை ஈகோ மோடுல 65 வாட்டுக்கு மாத்து, பவர் எல்லை 142-லிருந்து 88 வாட்டுக்கு இறங்கும். கேம்ல வித்தியாசம் தெரியறது அபூர்வம், ஃபேன் சத்தம் போயிடும்.

8. இன்டெல்காரங்களுக்கு

100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்கைத் தொடாதே. மல்டிபிளையரை மட்டும் ஒண்ணு ஒண்ணா ஏத்து. 45-லிருந்து 46, டெஸ்ட், 47, டெஸ்ட். பவர் எல்லை 4095 வாட்டுன்னு போர்டு போட்டிருந்தா, அதாவது எல்லையே இல்லைன்னா, 12600கேவுக்கு 150-லிருந்து 170-க்குள்ள நீயே எழுது. லோடுல வோல்ட் 1.3-ஐத் தாண்டணும்னு கேட்டா அந்த வேகம் உன் கூலருக்கு இல்லைன்னு விட்டுடு.

9. டெஸ்ட்

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. ரேம் வேகம் (எக்ஸ்எம்பி), பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு மூணையும் ஒரே ராத்திரியில ஏத்திட்டு, தொங்கினா எதுன்னு யாருக்குத் தெரியும்?

சினிபெஞ்ச் அரை மணி நேரம், அப்புறம் ஓசிசிடி ஒரு மணி நேரம். பிரைம்95-ல சின்ன எஃப்எஃப்டி டெஸ்ட் நிஜ வேலையில வராத அளவுக்குச் சூடாக்கும். அதுல தோத்ததுக்காக மனசு உடையாதே. ஸ்கோரும் பார்க்கணும். வோல்ட் ரொம்பக் குறைஞ்சா ரைசன் 4.6-னு காட்டிக்கிட்டே உள்ளுக்குள்ள மெதுவா ஓடும், ஸ்கோர்தான் காட்டிக் கொடுக்கும்.

கர்வ் ஆப்டிமைசர் போட்டவங்க கவனி: முழு லோடுல கல்லு மாதிரி நிக்கும், சும்மா பாட்டு கேட்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்ளர்னு ஒரு இலவச மென்பொருள் ஒவ்வொரு கோரா சோதிக்கும், ராத்திரி பூரா விடு. விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல வீயா லாகர் எர்ரர் (ஹார்டுவேர் தப்பு) ஒண்ணே ஒண்ணு வந்தாலும் ரெண்டு படி பின்வாங்கு.

சூட்டுக்கு என் கோடு: 5600எக்ஸ், 12600கே ரெண்டுக்குமே டெஸ்ட்ல 85, கேம்ல 75. கம்பெனி எல்லை 95-ம் 100-ம். அது சிப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்கிற இடம், நீ குடியிருக்கிற இடம் இல்ல.

10. இதையெல்லாம் செய்யாதே

- போர்டுல இருக்கிற ஒரே பட்டன் ஓவர்கிளாக். எந்த சிப்புக்கும் ஒத்துப் போகணும்னு வோல்ட்டை அள்ளிக் கொட்டும்.
- லோடுல வோல்ட் இறங்குறதை ஈடுகட்டுற லோடு லைன் காலிப்ரேஷனை உச்சத்துல வைக்கிறது. நடு நிலை போதும்.
- வேற ஒருத்தர் செட்டிங்கை அப்படியே காப்பி அடிக்கிறது. ஒரே மாடல்லகூட சிப்புக்குச் சிப் மாறும்.
- ஓவர்கிளாக்ல கெட்டா வாரன்ட்டி கொடுப்பான்னு எதிர்பார்க்கிறது. கொடுக்க மாட்டான்.

11. தூசியும், டிஸ்பிளே வராத ராத்திரியும்

மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைத் தட்டு, ஹீட்சிங்க் இடுக்கை புளோயரால ஊது. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்க, தறிகெட்டுச் சுத்தவிட்டா பேரிங் போகும்.

செட்டிங் மாத்தி ஆன் பண்ணினதும் திரை கருப்பாவே இருந்தா, கடைக்குத் தூக்கிட்டு ஓடாதே. பல போர்டு ரெண்டு மூணு தடவை தானா முயற்சி பண்ணிட்டு பழைய செட்டிங்குக்குத் திரும்பும், ரெண்டு நிமிஷம் பொறு. வரலையா? சுவிட்ச்சை ஆஃப் பண்ணி வயரைப் பிடுங்கு, பவர் பட்டனை பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கு, போர்டுல இருக்கிற சிஆர்2032 வட்ட பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் வெளியே வை. திரும்ப மாட்டி ஆன் பண்ணினா எல்லாம் கம்பெனி செட்டிங்குக்கு வந்திருக்கும். ஃபோன்ல எடுத்து வெச்ச படத்தைப் பார்த்து, கடைசியா நின்ன படியிலிருந்து தொடங்கு.