சட்டத்தின் மௌனம்: சிசரோவின் மிலோ வழக்குரையில் ஒரு மூதுரையின் பொருள்

முன்னுரை

உரோமானியர் மனித இயல்பு, ஊழ், போர், சட்டம் ஆகியன குறித்த தம் பட்டறிவைச் சுருங்கிய மூதுரைகளாக்கினர். படைக்கலங்களுக்கு இடையே சட்டங்கள் மௌனமாகிவிடும் என்னும் கருத்தமைந்த இலத்தீன் தொடர் அவற்றுள் பெரிதும் எடுத்தாளப்படுவதாகும். போர்க்காலத்தில் அரசைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதற்கு இத்தொடர் சான்றாகக் காட்டப்படுகிறது. அது தோன்றிய இடத்தில் இப்பொருளைத்தான் தருகிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழக்கின் பின்னணி

கி.மு. 52 சனவரி 18 அன்று, அப்பியன் நெடுஞ்சாலையில் பொவில்லே என்னும் ஊரருகே, அரசியல் பகைவர்களான மிலோ, குளோடியஸ் ஆகியோரின் ஆட்கள் மோதிக்கொண்டனர். அம்மோதலில் குளோடியஸ் கொல்லப்பட்டார். அவருடைய ஆதரவாளர்கள் உரோமையின் செனட் மன்றத்தினுள்ளேயே உடலை எரித்தனர், மன்றமும் தீக்கிரையானது. இக்கலவரச் சூழலில் துணையின்றித் தனி கான்சலாகப் பொறுப்பேற்ற பாம்பே, வன்முறைக் குற்றத்திற்கெனப் புதிய சட்டம் கொணர்ந்தார். அச்சட்டத்தின்கீழ் நிகழ்ந்த விசாரணையில் மிலோவுக்காகச் சிசரோ வாதிட்டார்.

மூதுரை நிற்கும் இடம்

இன்று கிடைக்கும் வழக்குரை, சிசரோ பின்னர்த் திருத்தி வெளியிட்ட வடிவமாகும். அதில் இம்மூதுரை அரசைப் பற்றியோ போரைப் பற்றியோ பேசவில்லை. வழியில் தாக்கப்படும் தனிமனிதனின் தற்காப்பைப் பற்றியே பேசுகிறது. உயிருக்கு இடர் நேரும்போது ஒருவன் சட்டத்தின் உதவிக்காகக் காத்திருந்தால், நீதி கிட்டுமுன் உயிர் போய்விடும். ஆதலின் தற்காப்புரிமை எழுதப்படாத இயற்கை நெறி என்கிறார் சிசரோ. அடுத்து, கொலை நோக்குடன் படைக்கலம் ஏந்துவதையே சட்டம் தடுக்கிறது. ஆகவே அச்சட்டமே சொல்லாமல் தற்காப்புக்கு இசைவளிக்கிறது என்றும் வாதிடுகிறார். இரவில் வரும் திருடனைக் கொல்ல இசைவளித்த பன்னிரு பட்டயச் சட்டத்தையும் அவர் முன்னரே சுட்டியுள்ளார். எனவே இங்கு மௌனம் என்பது சட்டத்தின் இன்மையன்று. சட்டத்தின் உட்கிடையான இசைவாகும்.

வாதமும் நிகழ்வும்

இவ்வாதம் நிகழ்வோடு பொருந்தியதா என்பது வேறு வினா. கி.பி. முதல் நூற்றாண்டு உரையாசிரியர் அஸ்கோனியஸின் குறிப்புப்படி, மோதல் தற்செயலாக மூண்டது. காயமுற்று விடுதியொன்றில் கிடந்த குளோடியஸை வெளியே இழுத்துக் கொல்லச் செய்தவர் மிலோவே. அவ்வாறாயின் தற்காப்பு என்னும் வாதம் வலுவிழக்கிறது. பாம்பேயின் வீரர்கள் படைக்கலங்களுடன் சூழ்ந்து நிற்க விசாரணை முடிந்தது. நடுவர்களுள் 38 பேர் தண்டிக்கவும் 13 பேர் விடுவிக்கவும் வாக்களித்தனர். மிலோ மசிலியாவுக்கு நாடு கடந்து சென்றார்.

முடிவுரை

தனிமனிதத் தற்காப்புக்காக எழுந்த தொடர், இடத்திலிருந்து பிரிக்கப்பட்டதும் ஆட்சியின் வரம்பின்மைக்குத் துணைபோயிற்று. தாக்கப்பட்டவனின் வாதம் தாக்கும் வலிமையுடையோரின் வாதமாக மாறியது. மூதுரையின் பொருளைக் கூறியவர், வழக்கு, அடுத்து வரும் தொடர் ஆகிய மூன்றும் சேர்ந்தே வரையறுக்கின்றன. படைக்கலங்கள் சூழ்ந்த அந்த மன்றத்தில் சட்டம் மௌனமாக இருக்கவில்லை என்பதும் கருதத்தக்கது.