கொழுப்பு என்ற ஒரு சொல்

அன்புள்ள கயல்விழிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி மனசிலேயே தங்கிவிட்டது. “அப்பா முட்டையைத் தொட்டு நாலு வருஷம் ஆச்சு ஐயா. நெய்யும் கிடையாது. அப்புறம் இந்தக் கொலஸ்ட்ரால் எங்கேருந்து வருது?” பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவளுக்கு அது போதாது. எல்.டி.எல்., எச்.டி.எல். என்றால் என்ன என்பது உனக்குத் தெரியும். அதைத் தாண்டியே தொடங்குகிறேன்.

இந்தக் குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது என்பது என் நெடுநாள் எண்ணம். இடுப்பில் மடிப்பாக விழுவதும் கொழுப்பு, ஆட்டுக்கறியில் வெள்ளையாக ஒட்டியிருப்பதும் கொழுப்பு, ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு. எதிர்த்துப் பேசும் பிள்ளையையும் “கொழுப்பெடுத்துத் திரிகிறான்” என்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால், வாய் வழியே போன கொழுப்பு அப்படியே ரத்தத்தில் மிதக்கிறது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். வேதியியல்படி கொலஸ்ட்ரால் எண்ணெய், நெய் வகையே இல்லை. நான்கு வளையங்கள் கொண்ட ஓர் ஆல்கஹால் அது. அதை எரித்து உடம்பால் சக்தி எடுக்க முடியாது. முதலில் அது கிடைத்தது பித்தக்கற்களில். பிரான்ஸின் செவ்ரூல் 1815 வாக்கில், பித்தம், திடம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரில் கொழுப்பு இல்லை. தமிழுக்கு வரும்போது நாம் சேர்த்துவிட்டோம்.

இது வெறும் அகராதிச் சண்டை என்று நினைக்காதே. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், கனத்த உடம்புக்காரர் ஒருவரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்த ஊழியர், “உங்களுக்குக் கொஞ்சம் கொழுப்பு ஜாஸ்திதான்” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போனார். மறு பரிசோதனைக்கு அவர் வரவே இல்லை. சொல்லுக்குள் இருக்கும் திமிர் என்ற பொருள் நோயாளியின் தலையில் குற்றமாக ஏறிவிடுகிறது. அதனால்தான் நான் வகுப்பில் கடைசி வரைக்கும் “கெட்ட கொழுப்பு”, “நல்ல கொழுப்பு” என்று சொல்ல யாரையும் விட்டதில்லை. நீயும் சொல்லாதே.

முட்டை மீதான பயத்துக்கு இன்னொரு பழைய கதை உண்டு. 1913-இல் ரஷ்யாவின் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்குக் கொடுத்தார். அவற்றின் ரத்தக்குழாய்களில் படிவுகள் உண்டாயின. அருமையான ஆய்வு, அதன் அடிப்படை இன்றும் நிற்கிறது. ஆனால் முயல் இலைதழை தின்னும் பிராணி. அதன் இயற்கை உணவில் கொலஸ்ட்ராலே கிடையாது. வந்து சேர்ந்ததை வெளியேற்ற அதற்கு வழி தெரியாது. எலிக்கும் நாய்க்கும் அதே தீனியைக் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை. பெரும்பாலான மனிதர்களிடமும் உணவில் கொலஸ்ட்ரால் கூடினால் உடம்பு தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. ஒரு முட்டை மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. அதைவிடப் பல மடங்கை உடம்பு தினமும் தானே செய்துகொள்கிறது.

இப்போது உன் அப்பாவின் பருமனுக்கு வருவோம். பின்லாந்தின் மியெட்டினென் 1971-இலேயே எழுதிவிட்டார்: உடல் பருமன் உள்ளவர்களின் உடம்பில் கொலஸ்ட்ரால் உற்பத்தியே அதிகம். எங்கிருந்து வருகிறது என்று கேட்டாயே, பதில் அதுதான். வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே உற்பத்தியாகிறது. சேமிக்க இடமில்லாமல் நிரம்பிப்போன தொப்பைத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குக் கசிந்துகொண்டே இருக்கின்றன. காலையில் ஆறு இட்லி, மத்தியானம் குவியலாகச் சோறு, சாயங்காலம் சர்க்கரை போட்ட டீயோடு மிக்சர், ராத்திரி தோசை என்று வரும் மாவுச்சத்தின் மிச்சத்தையும் கல்லீரல்தான் வாங்கிக்கொள்கிறது. எல்லாவற்றையும் ட்ரைகிளிசரைடாக மாற்றி, கொலஸ்ட்ராலும் சேர்த்து மூட்டை கட்டி ரத்தத்துக்குள் அனுப்புகிறது. அங்கே ஒரு புரதம் பண்டமாற்று செய்கிறது: மூட்டையிலுள்ள ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்.லுக்குக் கொடுத்து, அதன் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கிறது. அப்படி மாறிய எச்.டி.எல். சீக்கிரம் சிதைந்து குறைகிறது. எல்.டி.எல். துகள்களோ சிறுத்து, எண்ணிக்கையில் பெருகுகின்றன. துகளுக்குத் துகள் கொலஸ்ட்ரால் குறைவு என்பதால், ரிப்போர்ட்டில் எல்.டி.எல். சாதுவாகத் தெரியும். ஏமாந்துவிடக் கூடாது.

நீ காட்டிய ரிப்போர்ட்டில் மொத்தம் 238, ட்ரைகிளிசரைடு 290, எச்.டி.எல். 34, எல்.டி.எல். 146. அந்த 146 அளந்து சொன்னதல்ல, கணக்குப் போட்டது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி, சரியாக வரும். 1972-இல் வந்த அந்தச் சூத்திரம் ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் செல்லாது. நீ 238-இல் 34-ஐ மட்டும் கழித்துப் பார்: 204. ரத்தக்குழாய்க்குக் கேடு செய்யும் எல்லா மூட்டைகளின் கொலஸ்ட்ராலும் அதில் அடக்கம். பருமன் உள்ளவரிடம் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இதற்காக நெய்யும் பாமாயிலும் இஷ்டம்போல் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை வாங்கும் கல்லீரலின் ஏற்பிகளைக் குறைக்கிறது. அந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு. எண்ணெய் பாட்டிலில் “கொலஸ்ட்ரால் இல்லாதது” என்று கொட்டை எழுத்தில் போடுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடலையிலும் எள்ளிலும் பனையிலும் என்றைக்கு இருந்தது அது, இன்றைக்கு இல்லாமல் போக? பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதைப் பற்றி அந்தப் பாட்டிலில் ஒரு கொட்டை எழுத்தும் கிடையாது.

அப்பா எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கும். எடை இறங்கும் மாதங்களில் எச்.டி.எல். இன்னும் கொஞ்சம் குறையக்கூடும். பயப்படாதீர்கள், எடை நிலைத்த பிறகு ஏறும். எல்.டி.எல். மட்டும் எடையோடு அவ்வளவாக இறங்காது. அதற்கு டாக்டர் எழுதிய ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும். கல்லீரலின் உற்பத்தியையே மட்டுப்படுத்துகிற மருந்து அது. ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1970-களில் அந்த வகையின் முதல் மருந்துப்பொருளைக் கண்டெடுத்தார். எண் சரியாகிவிட்டது என்று நம் ஊரில் மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. தைராய்டு மந்தமானாலும் எடையும் கொலஸ்ட்ராலும் சேர்ந்தே ஏறும். அதையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்.

இட்லியை மூன்றாக்கி, சாம்பாரையும் சுண்டலையும் கூட்டுங்கள். டீயில் சர்க்கரையை விடட்டும். வாரத்தில் சில நாள் ஒரு முட்டை சாப்பிட அவருக்கு ஆசையிருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். நாலு வருஷமாக மனிதர் வீணாகத் தண்டனை அனுபவித்திருக்கிறார். அவரைத் திட்டாதே, கயல். உன் அம்மாவையும் திட்டவிடாதே.

அடுத்த முறை வரும்போது அவருடைய இடுப்பளவைத் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து எடுத்து எழுதிக்கொண்டு வா. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை.

அன்புடன்,
உன் ஐயா