விதைக்கும் முன் நிலத்தை அறிவோம்

இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கடலோர நிலங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. கோடையில் மண்ணின் ஈரம் ஆவியாகும்போது, அடியிலுள்ள உப்பு மேலே வந்து தங்கிவிடுகிறது. இந்நிலங்களில் மண்ணின் தன்மையை அறியாமல் விதைத்தால் விதையும் உரமும் உழைப்பும் வீணாகும்.

உவரா, களரா?

உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். கோடையில் மேல்மண் வெண்மையாகப் பூத்திருக்கும். களர் நிலத்தில் சோடியம் மிகுந்து, கார அமில நிலை 8.5க்கு மேல் இருக்கும். மழைநீர் உள்ளிறங்காமல் கலங்கித் தேங்கும். காய்ந்தபின் மண் இறுகிவிடும்.

ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீர் ஊற்றி, ஒரு பிடி மண்ணைக் கலக்கி ஓர் இரவு வைக்கவும். காலையில் நீர் தெளியாமல் கலங்கலாகவே இருந்தால் களராக இருக்கலாம். இது முன்னறிகுறி மட்டுமே. மண் பரிசோதனை செய்தே முடிவு காண வேண்டும்.

மண் மாதிரி எடுத்தல்

கோடையில், உழவுக்கு முன் மாதிரி எடுப்பது நல்லது. மழை பெய்தவுடன் எடுத்தால், உப்பு கீழே கரைந்து சென்றிருப்பதால் அளவு குறைவாகத் தெரியும். வரப்பு, வாய்க்கால், எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களைத் தவிர்க்கவும். வயலில் 10 இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்து, கலந்து, அரைக் கிலோ அனுப்பவும். உப்புப் பூத்த இடத்து மண்ணைத் தனியாகவும், 15 முதல் 30, 30 முதல் 60 செ.மீ. வரையிலான மண்ணைத் தனித்தனியாகவும் எடுக்கவும். கிணற்று நீரையும் சோதிக்கக் கொடுக்கவும்.

பயிர்த் தேர்வு

ஆய்வு அட்டையில் மின் கடத்தும் திறன் 1க்குக் கீழ் இருந்தால் உப்பினால் தீங்கில்லை. 1 முதல் 3 வரை இருந்தால் மிளகாய், வெங்காயம், பாசிப்பயறு போன்றவை பாதிக்கப்படும். பருத்தி, சோளம் ஓரளவு தாங்கும். 3க்கு மேல் இருந்தால் முதலில் நிலத்தைச் சீர்திருத்த வேண்டும்.

சீர்திருத்தம்

உவர் நிலத்துக்கு ஜிப்சம் இடுவது வீண்செலவு. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, வடிகால் வழியே உப்பை வெளியேற்றுவதே வழி. களர் நிலத்துக்கு ஆய்வில் கூறும் அளவு ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடிக்கவும். இரண்டிலும் தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுவது பயன் தரும். பாரில் நடும்போது, உச்சியில் உப்பு சேருமாதலால் பக்கவாட்டில் நடுவது நல்லது.

எனவே, ஜிப்சம் வாங்குமுன் மண்ணைச் சோதித்து, உவரா களரா என அறிந்து கொள்வது சிக்கனமும் பயனும் தரும்.