95 பலகாரம், 4 பேர்: தீபாவளிக்கு ஒரு வீட்டுக்கணக்கு



தீபாவளி லீவுக்கு ஹாஸ்டல்ல இருந்து பையைத் தூக்கிட்டுக் கிளம்புற எல்லாருக்கும் இந்தக் கட்டுரை. எனக்கு ஊர் சங்கரன்கோவில். எங்க ஊர்ல இனிப்புக்கு வருஷத்துல ரெண்டு சீசன். ஒண்ணு ஆடித்தபசு. கோவிலைச் சுத்திக் கடை போட்டு, கருப்பட்டி மிட்டாயும் சீனி மிட்டாயும் சுடச்சுட விப்பாங்க. அது ஒரு பொட்டலத்தோட முடிஞ்சிரும். இன்னொண்ணு தீபாவளி. இது டப்பா டப்பாவா வீட்டுக்குள்ளயே ரெண்டு வாரம் உட்கார்ந்திருக்கும்.

போன தீபாவளிக்கு எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். அப்பாவுக்கு ஆறு வருஷமா சுகர். "இன்னைக்கு ஒரு நாள்தானே"ன்னு காலையில மாத்திரையை ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுட்டு, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச கையோட லட்டும் மைசூர்பாகும் சாப்பிட்டாங்க. வயிறு நிறைஞ்சிருச்சுன்னு மத்தியானச் சாப்பாடு வேண்டாம்னுட்டாங்க. மூணு மணிக்குக் கை நடுங்குது, சட்டை நனையுற அளவுக்கு வேர்க்குது. சுகர் ஏறிருச்சுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். பக்கத்து வீட்டு அக்கா மெஷின்ல பார்த்தா 54. ஏறலை, இறங்கியிருக்கு! சீனியைத் தண்ணில கரைச்சுக் கொடுத்த பிறகுதான் தெளிஞ்சாங்க.

இனிப்பு சாப்பிட்டா சுகர் சட்டுனு ஏறும். ஆனா சீக்கிரம் இறங்கவும் செய்யும். சில வகை மாத்திரையோ மணிக்கணக்கா வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். நடுவுல சாப்பாடும் இல்லைன்னா இப்படித்தான் ஆகும். 2023ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 20 வயசைத் தாண்டினவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்குச் சுகர் இருக்கு. அதாவது ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருத்தர். உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்க வாய்ப்பு அதிகம்.

அதுக்காக இனிப்பே வேண்டாம்னு சொல்ல வரலை. லட்டு இல்லாத தீபாவளி எனக்கும் வேண்டாம். கொஞ்சம் கணக்குப் போடுவோம், அவ்வளவுதான்.

கணக்கு 1: ஒரு லட்டுல எவ்வளவு சீனி?

எங்க அம்மா அளவு: கால் கிலோ கடலை மாவுக்கு 400 கிராம் சீனி. வர்றது 25 லட்டு. 400 ÷ 25 = 16. ஒரு லட்டுக்கு 16 கிராம் சீனி.

உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன அளவு: ஒரு நாள் சாப்பாட்டுல கிடைக்கிற மொத்தக் கலோரியில, சேர்க்கிற சீனியோட பங்கு 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 2000 கலோரி சாப்பிடுறவருக்கு அது 200 கலோரி. ஒரு கிராம் சீனிக்கு 4 கலோரி. ஆக 50 கிராம். 5 சதவீதத்துக்குள்ள, அதாவது 25 கிராமுக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னும் சொல்லியிருக்காங்க.

மூணு லட்டு சாப்பிட்டா 48 கிராம். காபி, டீயில போடுற சீனி இதுல சேரலை.

கணக்கு 2: எவ்வளவு சுடுறோம், எவ்வளவு வேணும்?

போன வருஷம் எங்க வீட்டுல லட்டு 25, மைசூர்பாகு 40, அதிரசம் 30. மொத்தம் 95. வீட்டுல நாலு பேர். ஆளுக்கு நாளைக்கு ரெண்டுன்னு மூணு நாளைக்குத் தாராளமா வச்சாலும் 24தான் வேணும். அக்கம்பக்கத்துக்கு 40 கொடுத்தாலும் மிச்சம் 31. கொடுத்த வீட்டுல இருந்து பதிலுக்கு வந்ததை நான் எண்ணவே இல்ல!

இந்த மிச்சத்தை யார் சாப்பிடுறா? நாம ஹாஸ்டலுக்குப் போயிருவோம். "வீணாப் போகுதே"ன்னு அம்மாதான் டீயோட ஒண்ணு ஒண்ணாத் தீர்ப்பாங்க. அப்பா டப்பா பக்கம் போகும்போதெல்லாம் கை நீளும். பிரச்சனை தீபாவளி அன்னைக்கு இல்ல, அதுக்கு அடுத்த ரெண்டு வாரத்துலதான்.

இந்த வருஷம் என்ன செய்யலாம்?

1. ஒரு வீடு, ஒரு இனிப்பு. நாங்க லட்டு மட்டும். பெரியம்மா வீட்டுல அதிரசம், அத்தை வீட்டுல மைசூர்பாகு. பண்டிகைக்கு முன்னாடியே பேசிப் பங்கு போட்டுக்கிறோம். எல்லா வகையும் கிடைக்கும், அம்மாவுக்கு அடுப்படி வேலையும் குறையும்.

2. சின்னதாப் பிடிக்கணும். அதே மாவுல 25க்குப் பதிலா 40 லட்டு பிடிச்சா, ஒண்ணுக்கு 10 கிராம் சீனிதான். ஆனா 40 இருக்கேன்னு கூட ரெண்டு எடுக்கக் கூடாது.

3. முதல்ல இட்லி, அப்புறம் லட்டு. வெறும் வயித்துல இனிப்பு போனா சுகர் வேகமா ஏறும். இட்லி, சாம்பார், கூட ஒரு கிண்ணம் சுண்டல்னு சாப்பிட்டுட்டு இனிப்பு எடுத்தா, பருப்புல இருக்கிற நாரும் புரதமும் அந்த வேகத்தைக் குறைக்கும். தீபாவளி லேகியத்துலயும் வெல்லம் இருக்கு. அதை மருந்துன்னு உருண்டை உருண்டையா உள்ள தள்ள வேண்டாம்.

4. சாப்பிட்டதும் ஒரு நடை. பலகாரத் தட்டைச் சொந்தக்காரங்க வீட்டுக்கு பைக்குல கொண்டு போகாம, அப்பாவைக் கூட்டிட்டு நடந்து போங்க. நடக்கும்போது தசைகள் ரத்தத்துல இருக்கிற குளுக்கோஸை எடுத்துக்கும்.

5. மிச்சத்தை மூணாவது நாளே கிளப்பணும். ஹாஸ்டலுக்குக் கட்டிட்டு வாங்க. ரூம்ல வச்சா அஞ்சு நிமிஷம் தாங்காதுன்னு உங்களுக்கே தெரியும்.

சுகர் உள்ளவங்க வீட்டுக்கு

கருப்பட்டி, வெல்லம்னா பயமில்லைன்னு ஒரு நம்பிக்கை உண்டு. ரெண்டுலயும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சுகரை ஏத்தத்தான் செய்யும். மாத்திரையையோ இன்சுலினையோ டாக்டரைக் கேட்காம கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போட வேண்டாம்.

நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தா உடனே மெஷின்ல பாருங்க. 70க்குக் கீழ இருந்தா 15 கிராம் சீனி, அதாவது மூணு டீஸ்பூன், தண்ணில கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. ஏறலைன்னா திரும்பவும் கொடுங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம 108க்குக் கூப்பிடுங்க.

இதையெல்லாம் வீட்டுல லெக்சர் மாதிரி எடுத்தா யாரும் கேட்க மாட்டாங்க, நான் பட்டிருக்கேன். "எம்மா, இந்த வருஷம் லட்டு நான் பிடிக்கேன்"னு பக்கத்துல உட்காருங்க. அளவு தானா உங்க கைக்கு வந்துரும்.

எல்லாருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்! வரும்போது மறக்காம முறுக்கு கொண்டு வாங்க மக்களே.