அம்பெய்து வீழ்த்திய மான்

இஹ்ராமில் இருப்போருக்கும் ஹரம் எல்லைக்குள்ளும் தரைவேட்டை ஹராம். மற்றபடி அது ஆகுமானதே.

அமெரிக்காவில் மரத்தில் மேடை அமைத்து, அதன்மேல் காத்திருந்து மானை அம்பெய்து வேட்டையாடுவர். அம்பு பட்ட மான் பெரும்பாலும் அங்கேயே விழாது, ஓடி மறையும். இரத்தத் துளிகளைப் பின்பற்றிச் சென்றே அதைக் காண்பர். செத்துக் கிடக்கும் அம்மான் ஹலாலா?

அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த விளக்கம் புகாரி, முஸ்லிமில் உள்ளது. அதையொட்டிய சட்டங்களாவன:

1. அம்பை விடும்போது பிஸ்மி சொல்ல வேண்டும். மரமேறும்போது சொன்னது போதாது. வேண்டுமென்றே விட்டால் ஹனபி மத்ஹபில் உண்ணலாகாது, மறந்தால் குற்றமில்லை. ஷாபிஈ மத்ஹபில் பிஸ்மி ஸுன்னத்து.

2. அம்பின் கூர்மை துளைத்தே இறந்திருக்க வேண்டும். குறுக்காகப் பட்டு, அடியால் செத்தது ஆகாது.

3. உயிரோடு கிடைத்தால் அறுத்தாக வேண்டும்.

4. மறுநாள் கண்டெடுத்தாலும், தன் அம்பின் காயமன்றி வேறில்லையெனில் உண்ணலாம் என்கிறது ஹதீஸ். இடையில் தேடுவதைக் கைவிட்டிருக்கலாகாது என்பது ஹனபி நிபந்தனை.

5. தண்ணீரில் செத்துக் கிடந்தால் உண்ணலாகாது. கொன்றது அம்பா, நீரா என்பது தெரியாதல்லவா?

முழு மானும் வீணாகிறதே என்று மனம் தவிக்கும். ஆயினும் ஐயமுள்ளதை விடுவதே பேணுதல். அல்லாஹ் மிக அறிந்தவன்.