கைத்தொலைபேசியில் தொழிற் பயிற்சி: எப்படித் தொடங்குவது?

நிலத்தை இழந்து கந்தப்பளைத் தோட்டங்களில் வேலைக்குச் சேரும் உழவர் குடும்பங்களே! மரக்கறிக்கு மருந்தடித்த பழக்கத்திலேயே தேயிலைக்கும் அடித்தால் ஆபத்து. இணையவழிப் பயிற்சி இதற்கு உதவும். அதை இப்படித் தொடங்குமாறு தோட்ட நிர்வாகத்திடம் கேட்போம்.

1. ஒரே வேலை: முதலில் மருந்தடித்தலை மட்டும் எடுப்போம். 1925இல் அமைக்கப்பட்டு, இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையே பாடத்துக்கு அடிப்படையாகட்டும்.

2. எளிய பாடம்: தமிழில், ஐந்து நிமிடம். வாசிக்கத் தெரியாதவருக்கும் குரலும் படமும் புரியும். சிக்னல் கிடைக்காத லயங்களுக்காக முன்கூட்டியே பதிவிறக்கி வைப்போம்.

3. வேலை நேரம்: இரவில் அடுப்படியில் நிற்கும் தாயிடம் "போனில் பாருங்கள்" என்பது பயிற்சியல்ல, இன்னொரு சுமை. பிரட்டுக்களத்தில் கூடிப் பார்ப்போம். அதற்காக எவருக்கும் பேர் குறையக் கூடாது.

4. செய்து பழகல்: 1989இல் இந்தோனேசியாவில் தொடங்கிய வயற் பள்ளிகளில் விவசாயிகள் வயலில் நின்று பூச்சிகளைக் கவனித்தே மருந்துப் பாவனையைக் குறைக்கக் கற்றனர். நாமும் பாடம் பார்த்த அன்றே மலையில் வெறுந் தண்ணீரை அடித்துப் பழகுவோம்: கையுறை, முகமூடி, காற்றுத் திசை.

சிந்திக்க: மருந்துப் போத்தலின் எச்சரிக்கையை நம் வீட்டில் யார் வாசிக்கிறார்? வெறும் போத்தல் எங்கே போகிறது?