கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: “பழசாயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்க!”

கேள்வி: 2017-இல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ-3, 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். காலையில் ஆன் செய்துவிட்டுப் போய், காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தால்தான் திரையில் ஏதாவது நகர்கிறது. சர்வீஸ் கடையில், “பழசாயிடுச்சும்மா, விண்டோஸ் 11-ம் ஏறாது, புதுசு வாங்கிடுங்க” என்கிறார்கள். பென்ஷன் பணத்தில் வாங்கத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தென்காசி

பதில்: வேண்டாம் அம்மா. கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பது உண்மை. ஆனால் உங்களைக் காக்க வைப்பது லேப்டாப் அல்ல, அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சுருக்கமாகத் தெரிந்தால் கீழே ‘மோர் டீடெயில்ஸ்’ கொடுங்கள். ‘டிஸ்க்’ என்ற இடத்தில் 100% என்று நிற்கும், பக்கத்தில் சி.பி.யூ. பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். ரேஷன் கடையில் பில் போடுபவர் தயாராக இருக்கிறார், அரிசி எடை போட ஒரே ஆள்தான் என்றால் வரிசை எப்படி நகரும்? அந்தக் கதைதான்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டுகள். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வந்து சேரும்வரை காத்திருந்து, அதன் பிறகே எடுக்க முடியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னத் துண்டுகளை நொடிக்கு நூறு எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு எதுவுமே கிடையாது, சாதாரண எஸ்.எஸ்.டி.கூட ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளிவிடும். விண்டோஸ் 7 காலத்தில் தட்டே போதுமானதாக இருந்தது. விண்டோஸ் 10 அப்படியில்லை. கண் விழித்ததுமே அப்டேட் தேடுகிறது, வைரஸ் சோதனை நடத்துகிறது, இருக்கிற ஃபைல்களையெல்லாம் பட்டியல் போடுகிறது. எல்லாமே ஒரே நேரத்தில் தட்டைப் பிடித்து இழுக்கின்றன. இதை எழுதியவர்கள் ஒரு மாதம் ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் வேலை பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள் என்பது என் நெடுநாள் ஆத்திரம்.

எனவே 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று போடச் சொல்லுங்கள். இடம் இருந்தால் ரேமையும் 8 ஜி.பி. ஆக்குங்கள். இரண்டும் சேர்ந்தாலும் புது லேப்டாப் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கொடுப்பதற்கு முன் படங்களையும் கடிதங்களையும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்கிவிடுங்கள். அதற்கு ஒரு யூ.எஸ்.பி. கேஸ் மாட்டினால் பேக்கப் வைக்க உதவும்.

அடுத்து விண்டோஸ் 11. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். உங்களுடையதில் டி.பி.எம். இருந்தாலும் பிராசசர் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு செய்துகொள்கிற வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு. அதற்கப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். மின்னஞ்சல், யூடியூப், தமிழ் டைப்பிங், பேங்க் இணையதளம் எல்லாம் அதில் நடக்கும். டாலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பியிருப்பவர்களுக்கு மட்டும் இந்த யோசனை சரிப்படாது.

கேள்வி: 1 டி.பி. என்று காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் 931 ஜி.பி.தான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. ஒரு லட்சம் கோடி பைட்டை 1,024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 931 வரும். ஆப்பிள் 2009-லேயே மேக் கணினிகளில் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டது. அதில் செருகினால் முழுசாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் பதினைந்து வருடத்து நினைவு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. கோப்புகள் பழுதாகிவிட்டனவா?
– அச்சக உரிமையாளர், யாழ்ப்பாணம்

பதில்: பழுதாகவில்லை ஐயா. உள்ளே இருப்பது முதலிலிருந்தே ஆங்கில எழுத்துதான். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டினீர்கள் அல்லவா, கோப்பில் பதிவானதும் அந்த ஐந்துதான். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத இடத்தில் சாயம் வெளுத்துவிடும். கூகுளுக்கும் உங்கள் ஃபோனுக்கும் அது என்றைக்குமே தமிழ் இல்லை.

யூனிகோடில் தமிழுக்கு 1991-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலிருந்தே தனி இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தது. அச்சுத் தொழில் மட்டும் பழையதை விட மறுத்தது என்றால், அதற்குச் சோம்பல் காரணமில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. ‘கொ’வில் கொம்பு எங்கோ, கால் எங்கோ என்று வந்து நிற்பதை எத்தனை பேர் பொறுத்துக்கொள்வார்கள்? இன்றைய இன்டிசைனில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் ஒழுங்காகக் கோர்க்கும். பலருக்கு அந்த அமைப்பு இருப்பதே தெரிவதில்லை.

முதலில் பாமினியைப் புதுக் கணினியில் நிறுவி, எல்லாம் சரியாகத் தெரிகிறதா பாருங்கள். ஒவ்வொரு மலரையும் பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள், பக்க அமைப்பு அப்படியே காப்பாற்றப்படும். பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். ஒரு கண்ணி உண்டு: ஆவணத்தில் உண்மையான ஆங்கிலம் கலந்திருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கிவிடும். மலர்களில் மின்னஞ்சல் முகவரியும் வெளிநாட்டு விலாசமும் நிறைய இருக்குமே, அவை கந்தலாகும். பாமினியில் உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மாற்றுங்கள். மூலக் கோப்பின் மேல் சேமித்துவிடாதீர்கள்.

கேள்வி: மாதம் ஒரு முறை பிரின்ட் எடுப்பதே அபூர்வம். ஆனால் ஒவ்வொரு முறையும் இங்க் தீர்ந்துவிட்டதாகவோ அடைத்துக்கொண்டதாகவோ பிரின்டர் அடம் பிடிக்கிறது.
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: மாதம் ஒரு முறைதான் எடுக்கிறீர்கள் என்பதே சிக்கல். இங்க்ஜெட் முனையில் முடியைவிட மெல்லிய துளைகள் இருக்கின்றன. சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். ‘கிளீனிங்’ கொடுத்தால் பிரின்டர் மையை உறிஞ்சிக் கொட்டித்தான் கழுவுகிறது. தாளில் பட்டதைவிடக் கழுவிக் கொட்டியதே அதிகமாக இருக்கும். கார்ட்ரிட்ஜ் காலி என்ற அறிவிப்பையும் அப்படியே நம்ப வேண்டாம்: பல மாடல்களில் அது மையை அளந்து சொல்வதில்லை, செலவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது.

வாரம் ஒரு கலர் பக்கம் எடுத்துவிடுங்கள். அடுத்த முறை வாங்கினால் கறுப்பு-வெள்ளை லேசர் வாங்குங்கள். டோனர் பொடி காய்வதற்கு வழியே இல்லை. போட்டோவுக்கு ஸ்டூடியோ போய்க்கொள்ளலாம்.

கேள்வி: ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் சரியாகாத கோளாறு, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. இரண்டும் ஒன்றுதானே?
– கணக்காளர், திருப்பூர்

பதில்: 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இரண்டும் வேறு. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்கரு டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அதே நிலையில் எழுகிறது. நேற்றைய கோளாறும் கூடவே எழுகிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். எஸ்.எஸ்.டி. உள்ள கம்ப்யூட்டரில் இந்த வசதியால் பெரிய லாபமில்லை; கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் நிறுத்திவிடுங்கள்.